கிறித்தவ ஓவியங்களும் நம் பார்வையும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலை வகுப்பில் நடத்தும்போது, அதுவரை குனிந்திருந்த தலைகள் ஓரிடத்தில் நிமிர்வதை நாம் கண்டிருக்கிறோம். திருப்பரங்குன்றத்திற்குச் சென்ற மதுரை மக்கள் அங்குள்ள மண்டபத்தில் தீட்டப்பெற்ற ஓவியங்களைக் காணும் இடம் அது. அவர்கள் வாளா பார்த்துவிட்டு நகரவில்லை. அறியாதவர் கேட்கின்றனர், அறிந்தவர் சுட்டிச் சொல்கின்றனர். காமன் யார், இரதி யார், பூனை உருவில் இருப்பவன் யார், அகலிகை யார், சினந்து வந்த கௌதமன் யார் எனக் கேள்வியும் விடையுமாகவே அந்த ஓவியங்கள் பார்க்கப்படுகின்றன. படம் தன் கதையைத் தானே முழுதும் சொல்லிவிடும் என்று அக்காலத்தவர் நம்பியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும்; கேட்பவருக்கும் கேட்கும் விருப்பம் வேண்டும்.

இப்பாடலை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், இலக்கிய மன்ற விழாவை ஒட்டி நம் துறை மாணவர்கள் உலக ஓவியங்களின் அச்சுப் படிகளைத் திரட்டி ஒரு கண்காட்சி அமைத்தனர். பழைய நாள்காட்டிகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் சேர்த்தவை நாற்பது படங்கள் இருக்கலாம். அவற்றுள் ஏறத்தாழப் பாதி கிறித்தவக் கதைகளைப் பற்றியவை. அஃது எவரும் திட்டமிட்டதன்று. 1300 முதல் 1700 வரையிலான ஐரோப்பிய ஓவியம் என்று தேடினால், கைக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி தேவாலயமும் விவிலியமும் தந்தவையாகவே இருக்கும்.

விழாவிற்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் ஒரு படத்தின்முன் நின்றார். இரவு நேரத்தில் முதியவர் ஒருவர் குனிந்து மரத்தைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு சிறுவன் மெழுகுவர்த்தி பிடித்திருக்கிறான். அச்சிறுவன் யார் என்று பெரியவர் கேட்டார். மாணவர் சொன்னார். "நபி ஒருவருக்கு உருவம் கொடுத்த படம் நம் கல்லூரிச் சுவரில் எதற்கு? இதை மூடிவிடுங்கள் தம்பி" என்றார் அவர். கடிந்து சொல்லவில்லை; வருந்திச் சொன்னார். போகும்போது இன்னொன்றும் கேட்டார்: "நம்மவர்கள் யாராவது இந்த மாதிரிப் படங்களை ஏறெடுத்துப் பார்த்ததுண்டா?" அன்று அதற்கு நம்மிடம் விடையில்லை. பழுப்புத் தாள் ஒட்டிப் படத்தை மூடினோம். மாலைக்குள் தாளின் ஒரு மூலை பலர் தூக்கிப் பார்த்துக் கசங்கிப் போயிருந்தது. ஏனைய படங்களின்முன் நின்றவர்களைவிட அந்தத் தாளின்முன் நின்றவர்களே மிகுதி.

அப்பெரியவரின் மனத்தாங்கல் மதிக்கத்தக்கது. இறைவனுக்கு உருவம் கற்பியாமல், நபிமார்களுக்கு உருவம் தீட்டாமல் வளர்ந்த உள்ளத்தை அப்படம் உறுத்தியதில் வியப்பில்லை. சுவரில் மாட்டுவது வேறு, நூலில் வைத்துப் படிப்பது வேறு என்பதை நாமே முன்னதாக எண்ணியிருக்க வேண்டும். சுவரில் தொங்கும் படம் வீட்டுக்குரியவரின் விருப்பத்தை வருவோர்க்கெல்லாம் அறிவிக்கிறது. நூலில் உள்ள படம் படிப்பவரின் கேள்விக்காகக் காத்திருக்கிறது. ஆகவே மாட்டியதில் நம் பிழை உண்டு. ஆனால், மூடியதிலும் ஒரு பிழை உண்டு என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அதை உணர்த்தியது வேறோர் ஓவியம்.

மூத்த பீட்டர் புரூகல் 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப்பிலும் பிரஸ்ஸல்ஸிலும் வாழ்ந்து 1569இல் மறைந்தவர். ஏறத்தாழ 1565க்கும் 1567க்கும் இடையே அவர் மரப்பலகைமீது எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ஓவியம் ஒன்று 'மாசற்ற குழந்தைகளின் படுகொலை' எனப் பெயர் பெற்றது. கதை மத்தேயுவின் நற்செய்தியில் உள்ளது. பெத்லகேமில் ஓர் அரசர் பிறந்திருக்கிறார் என்று கேள்வியுற்ற ஏரோது மன்னன், அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளை எல்லாம் கொல்லும்படி ஆணையிட்டான். இந்நிகழ்ச்சி திருக்குர்ஆனில் இல்லை. எனினும், பனீ இஸ்ராயீல் மக்களின் ஆண்மக்களைப் பிர்அவ்ன் கொன்றொழித்த செய்தியை ஓதி வளர்ந்தவர்க்கு இக்கொடுமை புதியதன்று.

புரூகல் பெத்லகேமை வரையவில்லை. பனி மூடிய தம் நாட்டு ஊர் ஒன்றை வரைந்தார். வீட்டுக் கூரைகள் அந்நாட்டுக் கூரைகள். தாய்மார் அணிந்திருப்பவை அந்நாட்டு உடைகள். குதிரைமேல் வந்திருக்கும் படைவீரர் அக்காலத்துப் படைவீரர். அந்நாடு அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், படத்தைக் கண்ட ஊரார்க்கு அது பழங்கதையாக மட்டும் தோன்றியிராது. கொலைக்களம் என்றதும் நாம் எதிர்பார்க்கும் பேரிரைச்சல் படத்தில் இல்லை. வெண்பனித் தெரு, ஆங்காங்கே சிறு சிறு குழுக்கள், ஒவ்வொரு குழுவிலும் ஒரு வீடு அழிந்துகொண்டிருக்கிறது. ஓரிடத்தில், கைக்குழந்தையான மகனை விட்டுவிட்டு மகளைக் கொண்டுபோகுமாறு பெற்றோர் வீரன் ஒருவனிடம் மன்றாடுவதுபோல் தோன்றுகிறது. அந்தப் பேரத்தைக் கற்பனை செய்தவன் மனித மனத்தை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்க வேண்டும்!

இந்த ஓவியம் பின்னர்ப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் தொகுப்பைச் சேர்ந்து பிராகா நகருக்குச் சென்றது. அங்கு இருந்த காலத்தில், குழந்தைகளின் உருவங்கள்மேல் புது வண்ணம் பூசப்பட்டது. வெட்டப்பட்ட குழந்தைகள் விலங்குகளாயினர், பறவைகளாயினர், உணவுப் பண்டங்களாகவும் துணி மூட்டைகளாகவும் ஆயினர். மடியில் இறந்த மகவோடு பனியில் அமர்ந்திருந்த தாயின் மடியில் இப்போது ஒரு மூட்டை கிடக்கிறது. மன்றாடும் பெற்றோரிடமிருந்து பறிக்கப்படுவது இப்போது ஒரு வாத்து. படுகொலை, ஊர்க்கொள்ளை ஆயிற்று. 1648இல் சுவீடன் படையினர் பிராகாவைக் கொள்ளையிட்டபோது ஓவியம் கைமாறியது. 1660இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லசு மன்னருக்கு விற்கப்பட்டது. இன்றும் அது பிரித்தானிய அரச குடும்பத் தொகுப்பில், பூசிய பூச்சோடேயே உள்ளது. புரூகலின் மகனும் அவர் பட்டறையினரும் எடுத்த படிகளில் குழந்தைகள் குழந்தைகளாகவே இருப்பதால்தான் அடியில் இருந்தது இன்னதென்று உலகம் அறிகிறது.

பூச்சு வேலை செய்தவர் திறமையற்றவர் அல்லர். அவரால் மாற்ற முடியாமற்போனது ஒன்றுதான். தாய்மாரின் முகங்களை அவர் அப்படியே விட்டுவிட்டார். ஆகவே இன்று அப்படத்தைக் காண்பவர், பண்டங்களையும் மூட்டைகளையும் முன்னிட்டுப் பெண்கள் கைகளைப் பிசைந்து கதறுவதைக் காண்கிறார். வாத்துக்காக எவராவது இப்படி அழுவார்களா என்னும் கேள்வி எழும் இடத்தில் பூச்சு கரைந்துபோகிறது. நம் காலத்திலும் போர்ச் செய்திகளில் இறந்த குழந்தைகள் 'இழப்பு' என்றும் 'பக்க விளைவு' என்றும் மூட்டை கட்டப்படுவதை நாம் நாள்தோறும் படிக்கிறோம். தூரிகைக்குப் பதில் சொல் அந்த வேலையைச் செய்கிறது, அவ்வளவே வேறுபாடு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓவியத்தை மூடியவர்களும் சிதைத்தவர்களும் எப்போதும் பிற சமயத்தார் என்று எண்ணுவது தவறு. புரூகலின் ஓவியத்தை மாற்றச் செய்தது கிறித்தவ அரசவை. மிலான் நகரில் துறவியர் மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ தீட்டிய 'இறுதி விருந்து' உலகறிந்தது. 1652இல் அச்சுவரில் வாயில் திறப்பதற்காக, ஓவியத்தில் இயேசுவின் பாதங்கள் இருந்த பகுதியையே இடித்து எடுத்தனர். வாயில் தேவைப்பட்டது, வைத்தார்கள்! நாள்தோறும் அதன்முன் உண்டவர்க்கு அது சுவராகவே பழகிப்போயிருக்க வேண்டும். பார்த்துப் பார்த்துப் பாராமற்போவதும் ஒருவகை மூடுதல்தான்.

இனி, நாம் தாள் ஒட்டிய படத்திற்கு வருவோம். அதை வரைந்தவர் பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் வாழ்ந்த ஜார்ஜ் தெ லா தூர். 1652இல் அவர் மறைந்த பின்னர் அவர் பெயரே மறக்கப்பட்டது. 1915இல் ஹெர்மன் வாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்து சொன்ன பிறகே உலகம் அவரை மீண்டும் அறிந்தது. ஏறத்தாழ 1640களில் தீட்டப்பெற்ற 'தச்சர் சூசையப்பர்' என்னும் அந்த ஓவியம் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

சூசையப்பர் தமிழ் மாணவர்க்குப் புதியவர் அல்லர். வீரமாமுனிவர் 3615 பாடல்களில் பாடிய தேம்பாவணியின் தலைவர் வளன் அவரே. சீறாப்புராணமும் தேம்பாவணியும் ஒரே ஆசிரியரால் அடுத்தடுத்த பாடவேளைகளில் நடத்தப்பெறும் துறை நம்முடையது. பிற சமயக் காப்பியத்தைப் படித்ததனால் மாணவர் எவரும் தம் நெறியில் தளர்ந்ததாக நாம் அறியோம். ஆனால் காப்பியத்து வளனுக்கும் லா தூர் காட்டும் சூசைக்கும் உள்ள தொலைவு பெரிது. காப்பியத்தில் அவர் அணிகளால் ஒளிர்கிறார். ஓவியத்தில் அவர் வேலை செய்கிறார். நெற்றி முழுதும் சுருக்கம். சட்டைக் கை மேலே சுருட்டப்பட்டிருக்கிறது. இரு கைகளாலும் துறப்பணத்தைத் திருகுகிறார். தரையில் உளியும் கொட்டாப்புளியும் சுருண்ட மரச்சீவலும் கிடக்கின்றன. தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. சிறுவனுக்கும் இல்லை. படத்தில் உள்ள ஒரே ஒளி சிறுவன் பிடித்திருக்கும் மெழுகுவர்த்தி. சுடர் அணையாதிருக்கச் சிறுவன் மற்றொரு கையை அதன்முன் வைத்திருக்கிறான். அந்த விரல்களின் ஊடே வெளிச்சம் புகுந்து, தோல் செந்நிறமாக ஒளிர்கிறது. மின்சாரம் நின்ற இரவில் விளக்கின்முன் கையை வைத்து விளையாடிய எவர்க்கும் இந்நிறம் தெரியும். தெய்வீகத்தைக் காட்ட முனைந்த ஓவியர், வீட்டில் எந்தக் குழந்தையிடமும் காணக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொண்டார்.

முதியவர் துளைக்கும் உத்தரம் சிலுவையை முன்னறிவிக்கிறது என்று கிறித்தவ உரையாளர் சொல்வர். ஓவியர் அதை எண்ணியே வரைந்திருக்கலாம். இங்கு நம் வழி பிரிகிறது. ஈஸா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்பது திருக்குர்ஆன் கூறும் செய்தி. அதை மறைத்துவிட்டு, "எல்லாம் ஒன்றே" என்று மேடைப்பேச்சு பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. அதுவும் ஒரு பூச்சு வேலைதான். இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1521–22இல் தீட்டிய 'கல்லறையில் இறந்த கிறிஸ்து' இரண்டு மீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் உயரமுமே உள்ள படம். நிறம் மாறிய ஒரு சடலம், அவ்வளவே. 1867இல் பாசல் நகரில் அதைக் கண்ட தஸ்தயெவ்ஸ்கி நிலைகுலைந்து போனார். தம் 'அசடன்' புதினத்தில் அதைப் பற்றிப் பேசாமல் அவரால் இருக்க இயலவில்லை. நம்பிக்கையுள்ள கிறித்தவரையே உலுக்கிய படம் அது. அதன் பொருளை நாம் ஏற்கவில்லை என்பது உண்மை. மையித்தைக் குளிப்பாட்டியவர்கள் அந்தக் கையின் விறைப்பை அறிவார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவு மாணவர்க்கு வேண்டும்.

சமயப் படம் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டி ஒதுக்குவோரிடம் நாம் கேட்பது இதுதான்: எந்தப் படம்? வழிபாட்டுக்கென வரைந்ததா? விற்பனைக்கென வரைந்ததா? வரைந்தவன் தனக்கே சொல்லிக்கொண்டதா? ரெம்பிராண்ட் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் தீட்டிய 'ஊதாரி மகனின் திரும்புகை' இன்று ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். பங்கைப் பிரித்து வாங்கிச் சென்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தந்தை ஏற்றுக்கொள்ளும் கதை அது. லூக்காவின் நற்செய்தியில் உள்ள உவமை. மகன் முழந்தாளிட்டுத் தந்தையின் மார்பில் முகம் புதைத்திருக்கிறான். நமக்குத் தெரிவது அவன் முதுகும் மழித்த தலையும் பாதங்களும்தாம். ஒரு செருப்பு கழன்று கிடக்க, தேய்ந்த உள்ளங்கால் நம்மை நோக்கி இருக்கிறது. கடனில் மூழ்கி 1656இல் நொடித்துப்போய், பின்னர் வீடும் பொருளும் இழந்தவர் ரெம்பிராண்ட். 1668இல் மகன் தைத்துஸைப் புதைத்தவர். மறு ஆண்டில் தாமும் மறைந்தவர்.

இப்படத்தை வகுப்பில் காட்டியபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவர் தயங்கித் தயங்கி வந்தார். வளைகுடா நாட்டில் ஏழு ஆண்டு வேலைபார்த்து, ஏமாற்றப்பட்டு, கையில் ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்த தம் அண்ணனின் காலும் அப்படித்தான் இருந்தது என்றார். "வாப்பா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தையும் கேக்கல சார். தோள்ல கைய மட்டும் வெச்சார்" என்றார். விவிலியத்தின் பக்கத்தையே புரட்டிப் பாராத அம்மாணவர், அந்த ஓவியத்தைப் பற்றி நாம் படித்த எந்த நூலும் சொல்லாத ஒன்றைச் சொல்லிச் சென்றார்.

பெரியவரின் இரண்டாம் கேள்வி இன்னும் நிற்கிறது: நம்மவர்கள் இத்தகைய படங்களைப் பார்த்ததுண்டா? பார்த்ததுண்டு. 1580ஆம் ஆண்டு, அக்பரின் அழைப்பை ஏற்றுக் கோவாவிலிருந்து இயேசு சபைப் பாதிரியார்கள் பதேப்பூர் சிக்ரிக்கு வந்தனர். ஆண்ட்வெர்ப்பில் அச்சிடப்பட்ட பன்மொழி விவிலியத் தொகுதிகளை அவர்கள் பேரரசருக்குக் கையுறையாக அளித்தனர். அவற்றில் செப்புத் தகட்டுப் படங்களும் இருந்தன. அரசவை ஓவியர்கள், முஸ்லிம்களும் இந்துக்களும், அவ்வகைப் படங்களைப் பார்த்து வரையத் தொடங்கினர். 1602இல் ஜெரோம் சேவியர் என்னும் பாதிரியார் பாரசீக மொழியில் எழுதிய இயேசு வரலாற்றுக்கு முகலாய ஓவியர்களே படம் வரைந்தனர். இளவரசர் சலீமுக்கு, பிற்காலத்து ஜஹாங்கீருக்கு, இப்படங்களில் தனி நாட்டம் இருந்தது.

அரசவை வழக்கம் மார்க்கத் தீர்ப்பாகாது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறோம். ஜஹாங்கீருக்கு மதுவிலும் அபினியிலும் கூட நாட்டம் இருந்தது. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நாம் அவரை முன்மாதிரியாகக் காட்டவில்லை. நம் கண்ணில் படுபவன் அவருடைய பட்டறையில் இருந்த ஒரு சிறுவன்.

பெயர் அபுல் ஹசன். தந்தை ஆகா ரிசா, ஈரானிலிருந்து வந்து சலீமிடம் பணிபுரிந்த ஓவியர். 1600ஆம் ஆண்டையொட்டி, தன் பதின்மூன்றாம் வயதில் அச்சிறுவன் வரைந்த ஒரு சிறு கோட்டோவியம் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வயதைத் தெரிவிக்கும் குறிப்பும் அதிலேயே எழுதப்பட்டுள்ளது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெஷ்ட் ட்யூரர் 1511இல் செதுக்கிய சிலுவைக் காட்சியிலிருந்து அவன் எடுத்தது ஓர் உருவத்தை மட்டும்: சிலுவையின் அடியில் கைகளைக் கோத்தபடி நிமிர்ந்து பார்த்து நிற்கும் யோவானை. சிலுவை இல்லை, சிலுவையில் இருப்பவர் இல்லை, சுற்றியிருந்த கூட்டம் இல்லை. வெற்றுத் தாளில் துயரத்தோடு ஒரு மனிதன் நிற்கிறான். ட்யூரர் துணியின் மடிப்பைக் காட்டச் செதுக்கிய ஒவ்வொரு கோட்டையும் அந்தப் பையன் மயிரிழை பிசகாமல் தொடர்ந்திருக்கிறான். சிலுவையை அவன் விட்டது நம்பிக்கையால் விட்டதா, பயிற்சிக்கு ஓர் உருவம் போதும் என்று விட்டதா என்பதில் நாம் வழக்காட வேண்டியதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தேரும் உரிமை பார்ப்பவனுக்கு உண்டு என்பது தாளிலேயே தெரிகிறது. அவன் அதன்மேல் வண்ணம் பூசி மறைக்கவில்லை. தனக்கு வேண்டியதைத் தன் கையால் வரைந்துகொண்டான். பிற்காலத்தில் ஜஹாங்கீர் அவனுக்கு 'நாதிருஸ் ஸமான்', காலத்தின் அரியோன், என்னும் பட்டம் தந்தார்.

போனது மட்டுமன்று, வந்ததும் உண்டு. ஹாலந்தை விட்டு வெளியே சென்றறியாத ரெம்பிராண்டின் கையில், கடல்வணிகத்தின் வழி வந்த முகலாயச் சிற்றோவியங்கள் கிடைத்தன. 1650களின் பிற்பகுதியில் தொடங்கி அவற்றைப் பார்த்து அவர் வரைந்த படிகளுள் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. பிறர் ஓவியத்தை இத்தனை பணிவோடு உட்கார்ந்து படி எடுத்தது அவர் வாழ்வில் வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். அவற்றுள் ஒன்றில், மரநிழலில் நான்கு முதியவர்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள்; கிண்ணங்கள் இருக்கின்றன; அமைதியான உரையாடல். அந்தப் படி இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனோடு அறிஞர்கள் தொடர்புபடுத்தும் செப்புத் தகட்டுப் படம் ஒன்றை ரெம்பிராண்ட் 1656இல் வெளியிட்டார். அதன் பொருள், இப்ராஹீம் நபியின் இல்லத்திற்கு விருந்தினராய் வந்த வானவர்கள்.

இக்கதை இரு வேதத்திலும் உண்டு. ஐரோப்பிய ஓவியர் பலர் அவ்விருந்தினரை மேசையைச் சுற்றி அமரவைத்தனர். ரெம்பிராண்ட் அவர்களைத் தரையில் அமரவைத்தார், முகலாய முதியவர்கள் அமர்ந்த அதே இயல்போடு. திருக்குர்ஆனில் விருந்தினரின் கைகள் உணவின்பால் நீளவில்லை. அதைக் கண்டே இப்ராஹீம் நபிக்கு அச்சம் தோன்றியது. விவிலியத்தில் அவர்கள் உண்கிறார்கள். படத்திலும் கிண்ணம் கையில் இருக்கிறது. கதை இரண்டையும் அறிந்த நம் மாணவருக்கு அந்தக் கிண்ணம் ஒரு வேறுபாட்டின் அடையாளமாகக் கண்ணில் படும். மேலைநாட்டு மாணவர் அதைக் கவனியாமலே கடந்து செல்லக்கூடும். நமக்குத் தெரிந்ததைக் கொண்டு நாம் மிகுதியாகப் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிட்டவில்லை.

ஆகவே, நம் துறை நூலகத்தில் ஓவிய நூல்களுக்கென ஓர் அலமாரி வேண்டும் என்று கேட்கிறோம். சுவர் வேண்டாம், அலமாரி போதும். காப்பியம் நடத்தும் ஆசிரியர் ஆண்டுக்கு இரண்டு மூன்று பாடவேளைகளை இதற்கு ஒதுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு படம். அதற்கு மேல் வேண்டாம். மாணவர் முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லட்டும்; பிறகு கதையைக் கேட்கட்டும்; ஏற்க இயலாததை ஏற்க இயலாது என்று எழுதட்டும். பெரியோர்களும் வந்து அமரலாம். அவர்களுடைய கேள்விகளே பெரும்பாலும் நல்ல கேள்விகளாக இருந்திருக்கின்றன.

அப்பெரியவர் சென்ற ஆண்டு வேறொரு வேலையாகத் துறைக்கு வந்தார். தேநீர் வரும்வரை உட்கார்ந்திருந்தவரிடம், தயக்கத்தோடுதான், ரெம்பிராண்டின் படம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கையில் குவளையோடு பணிந்து நிற்பவர் யார் என்று கேட்டார். சொன்னோம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பெண்மணி யார் என்றார். சாரா அம்மையார் என்றோம். வேதக் காட்சியில் இல்லாத ஒருவரை அந்த ஓவியர் பின்னால், சுவரோரம், தாமாகச் சேர்த்திருக்கிறார். பெரியவரின் விரல் அங்கே போய் நின்றது.

"இந்தப் பையன் யாரு? விருந்தைப் பார்க்காம அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறானே, கையில என்ன?"

"வில் ஹாஜியார். அவர்தான் இஸ்மாயீல்."

தேநீர் வந்தது. அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.